அம்மாவின் தோள்பட்டை முறிவு: பிளேட் வைப்பதா, ஸ்லிங் போதுமா?

கும்பகோணத்துப் பெண்:

எல்லோருக்கும் வணக்கம். இரண்டு டாக்டர்கள் இரண்டு விதமாகச் சொல்லிவிட்டார்கள். வீட்டில் ஆளுக்கொரு பக்கம் இழுக்கிறார்கள். அனுபவம் உள்ளவர்கள் கொஞ்சம் சொல்லுங்கள்.

அம்மாவுக்கு 71 வயது. கும்பகோணத்தில் அப்பாவோடு இருக்கிறார், நான் தாம்பரத்தில். போன வியாழக்கிழமை கொல்லையில் துவைக்கிற கல் பக்கத்தில் பாசி வழுக்கி, வலது தோள் தரையில் மோதும்படி விழுந்துவிட்டார். தலையில் அடி இல்லை. அன்றைக்கே எக்ஸ்ரே, மறுநாள் சி.டி. ஸ்கேன். மேல்கை எலும்பின் தலைப்பகுதி மூன்று துண்டாக உடைந்திருக்கிறது, துண்டுகள் விலகியும் இருக்கின்றன என்று ரிப்போர்ட். மூட்டு நழுவவில்லை. விரல்களை நன்றாக அசைக்கிறார்.

முதலில் பார்த்த ஆஸ்பத்திரியில், "இந்த வாரமே பிளேட், ஸ்குரூ வைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் கையைத் தூக்கவே வராது" என்றார்கள். மனசு கேட்காமல் தஞ்சாவூரில் இன்னொரு எலும்பு டாக்டரிடம் காட்டினோம். அவர் படங்களை வெகுநேரம் பார்த்துவிட்டு, "ஸ்லிங் போட்டு விடுங்கள், இரண்டு மூன்று வாரத்தில் பிசியோ ஆரம்பிக்கலாம், ஆபரேஷன் செய்தாலும் கை இதே அளவுக்குத்தான் வரும்" என்று முடித்துக்கொண்டார். ஸ்லிங் என்றால் கையைக் கழுத்தோடு தாங்கிப் பிடிக்கிற துணிப்பட்டை. உடைந்த எலும்பை உடைந்தபடியே விடச் சொல்கிறாரே என்று பயமாக இருக்கிறது.

அம்மாவுக்குச் சர்க்கரை உண்டு. நான்கு வருடத்துக்கு முன்னால் இதயத்தில் ஸ்டென்ட் வைத்தார்கள், இன்னும் ஆஸ்பிரின் சாப்பிடுகிறார். மஸ்கட்டில் இருக்கும் அண்ணன், "பணத்தைப் பற்றி யோசிக்காதே, சென்னைக்குக் கூட்டிவந்து ஆபரேஷனை முடி" என்கிறான். சித்தப்பா புத்தூர் கட்டுக்குப் போகலாம் என்கிறார். அப்பா எதுவும் சொல்லவில்லை, ரசம் வைக்கப் பழகிக்கொண்டிருக்கிறார். அம்மா கேட்பது ஒன்றே ஒன்று: "தலை பின்னிக்கொள்ள முடியுமா, முடியாதா?"

---

மலைக்கோட்டை பிசியோ:

தங்கச்சி, நான் திருச்சியில் பிசியோதெரபிஸ்ட். எலும்பு முறிவு நோயாளிகளோடுதான் இருபது வருடத்துக்கும் மேலாக என் பிழைப்பு. டாக்டர் இல்லை. ஆனால் ஆபரேஷன் செய்துகொண்டவர்களும் சரி, செய்யாதவர்களும் சரி, கடைசியில் என் அறைக்குத்தான் வந்தாக வேண்டும். அதனால் இரண்டு தரப்புத் தோள்களையும் கையில் பிடித்துப் பார்த்திருக்கிறேன். நீங்கள் எழுதியிருப்பது சரி என்றால் நான் தஞ்சாவூர் டாக்டர் பக்கம். அவர் அலட்சியமாகச் சொன்னது போல உங்களுக்குத் தோன்றியிருக்கலாம். உண்மையில் அவர் சொன்னதற்குப் பின்னால் நிறைய ஆராய்ச்சி இருக்கிறது, அதை உட்கார்ந்து விளக்க அவருக்கு நேரம் இருந்திருக்காது.

முதலில் அந்த "மூன்று துண்டு" என்ன என்று பார்ப்போம். மேல்கை எலும்பின் மேல்முனையை நான்கு பகுதியாகப் பிரிப்பார்கள்: பந்து போன்ற தலை, தசைநாண்கள் வந்து ஒட்டுகிற பெரிய மேடு, சின்ன மேடு, கீழே தண்டு. சார்லஸ் நீர் என்ற அமெரிக்க எலும்பு டாக்டர் 1970இல் கொடுத்த கணக்கு இது, இன்றும் எல்லா ரிப்போர்ட்டிலும் இதுதான் ஓடுகிறது. ஒரு பகுதி ஒரு சென்டிமீட்டருக்கு மேல் தள்ளிப்போயிருந்தால், அல்லது 45 டிகிரிக்கு மேல் சாய்ந்திருந்தால்தான் அதைத் தனித் துண்டாக எண்ணுவார்கள். கோடு விழுந்தும் இடம் மாறாமல் இருந்தால் அது கணக்கில் வராது. இதில் ஒரு சங்கடம், ஒரே படத்தை இரண்டு டாக்டர்களிடம் காட்டினால் ஒருவர் மூன்று என்பார், இன்னொருவர் இரண்டு என்பார். அதனால் அந்த எண்ணைப் பார்த்து மட்டும் பயப்படாதீர்கள்.

உடைந்ததை நேராக்காமல் விட்டால் எப்படிச் சேரும் என்பது எல்லோரும் கேட்கிற கேள்வி. அந்த இடத்து எலும்பு பஞ்சு மாதிரி, உள்ளே இரத்த ஓட்டம் நன்றாக இருக்கும், அதனால் பெரும்பாலும் தானே சேர்ந்துவிடும். கொஞ்சம் கோணலாகத்தான் சேரும். ஆனால் முழங்காலோ கணுக்காலோ கோணலானால் படுகிற அவஸ்தை தோளில் இல்லை. நாம் தோளின் மேல் நடப்பதில்லை. மூட்டும் எல்லாத் திசையிலும் திரும்பும், பின்னால் இருக்கிற தோள்பட்டைப் பலகை எலும்பும் சேர்ந்து நகர்ந்து ஈடுகொடுக்கும். எக்ஸ்ரேயில் பார்க்கச் சகிக்காத தோளை வைத்துக்கொண்டு பரோட்டா மாவு அடிக்கிற மாஸ்டர் ஒருவர் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்.

இங்கிலாந்தில் 2008இலிருந்து 2011 வரை இப்படித் துண்டு விலகிய தோள் முறிவுக்காரர்கள் 250 பேரைச் சேர்த்தார்கள். சராசரி வயது 66, முக்கால்வாசிப் பேர் பெண்கள். சீட்டுக் குலுக்கியது போலப் பாதிப் பேருக்கு ஆபரேஷன், மீதிப் பேருக்கு ஸ்லிங். இரண்டு வருடம் வரை அவ்வப்போது, வலி எப்படி, சட்டை போட முடிகிறதா, சாப்பிட முடிகிறதா என்று நோயாளியையே கேட்டு மார்க் போட்டார்கள். மொத்தம் 48. சராசரியாக ஆபரேஷன் பக்கம் 39, ஸ்லிங் பக்கம் 38. அவ்வளவுதான் வித்தியாசம். முடிவு 2015இல் வெளிவந்தது. ஐந்து வருடம் வரை தொடர்ந்து பார்த்ததிலும் மாற்றம் இல்லை. 2022இல் காக்ரேன் என்ற, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடுகிற குழு இது மாதிரி ஆய்வுகளையெல்லாம் ஒன்றாக வைத்துப் பார்த்து, விலகிய முறிவில் ஒன்று, இரண்டு வருடம் கழித்துப் பார்த்தால் ஆபரேஷனால் கூடுதல் பலன் இல்லை, பின்னால் இன்னொரு ஆபரேஷன் தேவைப்படுவதற்குத்தான் வாய்ப்பு அதிகம் என்று சொன்னது.

இரண்டாவது ஆபரேஷன் ஏன் வருகிறது? வயதான பெண்களுக்கு அந்தப் பந்துக்குள் எலும்பு காலியாக இருக்கும். ரஸ்க்கில் ஆணி அடிப்பது மாதிரிதான். பிளேட்டை எவ்வளவு அழகாகப் பொருத்தினாலும், சிலருக்குத் தலை சில வாரத்தில் மெல்ல அமுங்கி இறங்கும், ஸ்குரூ முனை வெளியே நீட்டிக்கொண்டு எதிரில் இருக்கிற மூட்டுக் கிண்ணத்தைத் தேய்க்கும். அந்த வலி முறிவு வலியைவிட மோசம். இன்னொன்று, தலைக்குப் போகிற இரத்தக் குழாய்கள் சிலருக்கு முறிவிலேயே அறுந்திருக்கலாம். அப்படியானால் பிளேட் வைத்தாலும் வைக்காவிட்டாலும் பந்து மெல்லச் சிதைந்து போகலாம்.

இதற்காக எல்லோருக்கும் ஸ்லிங் போதும் என்று நான் சொல்லவில்லை. மூட்டு நழுவி, கூடவே உடைந்திருந்தால் விஷயமே வேறு. பந்து இரண்டாகப் பிளந்திருந்தால், எலும்பு தோலைக் கிழித்து வெளியே வந்திருந்தால், மணிக்கட்டில் நாடி கிடைக்காவிட்டால், தலையும் தண்டும் ஒன்றையொன்று தொடாமல் தனித்தனியாக நின்றால், இதெல்லாம் ஆபரேஷன் பேச்சுக்கு உரியவை. அந்த இங்கிலாந்து ஆய்விலும் இப்படி ஆபரேஷன் கட்டாயம் என்று டாக்டர்கள் நினைத்தவர்களைச் சேர்க்கவே இல்லை. முப்பது, நாற்பது வயதில் விழுந்தவருக்கும் அந்த ஆய்வை அப்படியே காட்ட முடியாது. அவருக்கு எலும்பு கெட்டி, ஸ்குரூ பிடிக்கும். பெரிய மேடு மேல்நோக்கி ஏறியிருந்தால் மட்டும் வயதானவருக்கும் ஒரு முறை நின்று யோசிப்பார்கள். கையைத் தூக்கும்போது அது மேலே இருக்கிற எலும்பில் முட்டும்.

தஞ்சாவூர் டாக்டரிடம் திரும்பப் போகும்போது இதை மட்டும் கேளுங்கள்: பெரிய மேடு எவ்வளவு ஏறியிருக்கிறது, தலையும் தண்டும் தொட்டுக்கொண்டிருக்கின்றனவா, தோளுக்கு வெளிப்பக்கம் தொட்டால் அம்மாவுக்கு உணர்ச்சி இருக்கிறதா. கடைசியில் சொன்னது நரம்புக்காக. அந்த இடம் மரத்திருந்தால் எழுதிவைக்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் மாதக்கணக்கில் தானே திரும்பும், ஆனால் முதல் நாளிலிருந்தே இருந்ததா என்று பின்னால் தகராறு வரக்கூடாது.

தலை பின்னுவதைப் பற்றி: பின்னலாம், ஆனால் கழுத்தைக் கொஞ்சம் சாய்த்துக்கொண்டு, கொண்டையைத் தாழ்வாகப் போட்டு. கையை முழுக்க நேராகத் தலைக்கு மேல் தூக்குவது இந்த வயதில் பலருக்குத் திரும்புவதில்லை. பிளேட் வைத்தவர்களுக்கும் அதே கதைதான்.

---

பெரம்பலூர் புல்லட்:

பிசியோ அக்கா சொன்ன விதிவிலக்குக்கு நானே உதாரணம். எனக்கு 38 வயதில் ஹைவேயில் மாடு குறுக்கே வந்து பைக்கோடு விழுந்தேன். தோள் மூட்டு முன்பக்கம் நழுவி, எலும்பின் தலை உடைந்து அக்குளுக்குள் போய் நின்றது. கை குளிர்ந்துபோய் மரத்துவிட்டது. அன்று இரவே தியேட்டருக்குக் கொண்டுபோனார்கள். பிளேட் இன்னும் உள்ளேயே இருக்கிறது. இப்போது கை முன்பக்கமாகக் காது வரை வரும், முதுகுப் பக்கம் பெல்ட் லூப்பைத் தாண்டாது. லோடு ஏற்றுகிற வேலையை விட்டுவிட்டேன், வண்டி ஓட்டுகிறேன்.

அக்கா, உங்கள் அம்மா கதை வேறு. என் ஆபரேஷன் நல்லபடி நடந்தது என்பதை வைத்து உங்கள் அண்ணன் முடிவெடுக்க வேண்டாம். என்னைப் பார்க்க வந்த சொந்தக்காரர் ஒருவர், "இவனுக்குப் பிளேட் வைத்துச் சரியாயிற்று" என்று சொல்லியே அவருடைய மாமியாரைத் தியேட்டருக்குள் தள்ளினார்.

---

தாமிரபரணி ராஜா:

எங்கள் அம்மாவுக்கு 69 வயதில் இதே மூன்று துண்டு. எங்களிடம் ஸ்லிங் என்ற பேச்சையே யாரும் எடுக்கவில்லை, நேரே பிளேட். இரண்டு மாதத்தில் தோளுக்குள் "கறக் கறக்" என்று சத்தம். ஸ்குரூ வெளியே வந்து மூட்டைத் தேய்த்திருக்கிறது. திரும்ப மயக்க மருந்து, திரும்பக் கிழித்து எடுத்தார்கள். காப்பீட்டு அட்டை முதல் தடவைக்கு உதவியது, இரண்டாவது தடவை கைக்காசு.

ஆனால் பிசியோ அக்காவிடம் ஒரு சந்தேகம். நீங்கள் சொல்கிற ஆராய்ச்சியெல்லாம் இங்கிலாந்துக்காரர்களுக்கு. அங்கே அரசாங்கமே பிசியோவுக்கு நேரம் கொடுத்துக் கூப்பிடும். இங்கே ஸ்லிங்கை மாட்டி வீட்டுக்கு அனுப்பினால் ஆறு வாரம் கழட்டவே மாட்டார்கள். மருமகள் பயப்படுவாள், பையன் பயப்படுவான், கடைசியில் கை கட்டையாகிவிடும். அந்த நிலைமையில் ஆபரேஷனாவது செய்துவிட்டால் ஆஸ்பத்திரிக்காரர்கள் கூப்பிட்டாவது பார்ப்பார்கள் இல்லையா?

---

மலைக்கோட்டை பிசியோ:

ராஜா தம்பி, நியாயமான கேள்வி. அந்த ஆய்வில் இரண்டு பக்கத்தாருக்கும் பிசியோ கிடைத்தது, உண்மைதான். ஆனால் பிசியோ இல்லாவிட்டால் பிளேட் வைத்த தோளும் கட்டையாகத்தான் ஆகும். சொல்லப்போனால் இன்னும் சீக்கிரமாக, ஏனென்றால் முன்பக்கத் தசையைப் பிரித்து உள்ளே போயிருப்பார்கள், அங்கே தழும்பு ஒட்டும். தையலுக்காக ஒரு தடவை கூப்பிடுவார்கள், அவ்வளவுதான். ஊரில் பிசியோ கிடைக்காது என்றால் அதற்குப் பரிகாரம் பிளேட் இல்லை, வீட்டில் ஒருவர் பயிற்சியைக் கற்றுக்கொள்வது. இந்த முறிவுக்கான பயிற்சி ஒன்றும் ராக்கெட் வித்தை இல்லை, பயத்தை விடுவதுதான் கஷ்டம்.

ஸ்லிங்கை ஆறு வாரம் கழட்டாமல் வைத்திருக்கிற குடும்பங்களை நான் பார்க்காத மாதம் கிடையாது. அதிலும் சர்க்கரை உள்ளவர்களுக்குத் தோள் இறுகுவது சாதாரணமாகவே அதிகம். கும்பகோணத்துத் தங்கச்சி, இதை மனசில் வையுங்கள்.

---

கும்பகோணத்துப் பெண்:

எல்லோருக்கும் நன்றி. அக்கா சொன்ன கேள்விகளோடு இன்று தஞ்சாவூருக்குப் போய்வந்தோம். பெரிய மேடு பின்பக்கம் நகர்ந்திருக்கிறதாம், ஆனால் மேலே ஏறியது சில மில்லிமீட்டர்தான். தலையும் தண்டும் ஒன்றின் மேல் ஒன்று செருகியபடி இருக்கின்றன, அது நல்லது என்றார். உணர்ச்சி நன்றாக இருக்கிறது. அம்மாவின் ஸ்டென்ட், சர்க்கரை எல்லாம் பார்த்துவிட்டு, "எனக்கே இவ்வளவு இருந்தால் நானும் ஸ்லிங்தான் போட்டுக்கொள்வேன்" என்றார்.

அண்ணன் இன்னும் சமாதானம் ஆகவில்லை. இணையத்தில் படித்துவிட்டு, "ரிவர்ஸ் மூட்டு மாற்று" என்று புதிதாக ஒன்று இருக்கிறதாம், அதைச் செய்யலாம் என்கிறான். இப்போது விட்டுவிட்டால் அப்புறம் ஆபரேஷனே செய்ய முடியாதோ என்றும் கேட்கிறான். சித்தப்பா நாளைக்கு வண்டி பிடித்துவருகிறேன் என்கிறார், புத்தூர் கட்டுக்கு. இன்னொரு விஷயம், அம்மாவின் கை முழங்கை வரை கருநீலமாகிவிட்டது, மார்புப் பக்கமும் பரவுகிறது. நேற்று எடுத்த எக்ஸ்ரேயில் பந்து கிண்ணத்திலிருந்து கீழே இறங்கித் தொங்குவது போலத் தெரிகிறது. டாக்டர் ஒன்றும் இல்லை என்கிறார், எனக்குத்தான் வயிற்றைக் கலக்குகிறது.

---

மலைக்கோட்டை பிசியோ:

கருநீலத்துக்குப் பயப்பட வேண்டாம். உள்ளே கசிந்த இரத்தம் கீழே இறங்குகிறது. நான்காம் ஐந்தாம் நாளில் எல்லோருக்கும் இப்படித்தான், சிலருக்கு இடுப்பு வரை கூட வரும். பிறகு பச்சையாகி மஞ்சளாகி மறையும். பந்து கீழே தொங்குவதும் அப்படியே. அடிபட்ட தோளின் தசை கொஞ்ச நாள் தொய்ந்துவிடும், கையின் கனம் பந்தைக் கீழே இழுக்கும். தசை விழித்துக்கொண்டதும் பந்து தன் இடத்துக்கு ஏறும். டாக்டர் சும்மா சொல்லவில்லை.

அண்ணன் சொல்கிற ரிவர்ஸ் மூட்டு புதிது இல்லை. கிராமோன் என்ற பிரெஞ்சு டாக்டர் 1985இல் கொண்டுவந்தது. பந்து இருந்த இடத்தில் கிண்ணம், கிண்ணம் இருந்த இடத்தில் பந்து என்று இடம் மாற்றி வைப்பார்கள். உடைந்த மேடுகளும் அதில் ஒட்டிய தசைநாண்களும் வேலை செய்யாவிட்டாலும், வெளிப்பக்கத்துப் பெரிய தசை ஒன்றே கையைத் தூக்கிவிடும். நார்வேயில் 65 முதல் 85 வயது வரையிலான 124 பேரிடம் பிளேட்டையும் ரிவர்ஸையும் ஒப்பிட்டார்கள். நூற்றுக்கு மார்க் போட்டதில் இரண்டு வருடத்தில் ரிவர்ஸுக்கு 68, பிளேட்டுக்குச் சுமார் 55. ஆகவே வயதானவருக்கு ஆபரேஷன்தான் என்று முடிவாகிவிட்டால் பிளேட்டைவிட ரிவர்ஸ் மேல் என்று இப்போது பல டாக்டர்கள் நினைக்கிறார்கள். ஆனால் கவனியுங்கள், அங்கே ஸ்லிங்கோடு ஒப்பிடவில்லை. ஸ்பெயினில் 80 வயதைத் தாண்டியவர்களிடம் ரிவர்ஸையும் ஸ்லிங்கையும் ஒப்பிட்டபோது, வலி கொஞ்சம் குறைந்ததே தவிர, அன்றாட வாழ்க்கையில் பெரிதாக ஒன்றும் மாறவில்லை.

அண்ணனிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள். ஸ்லிங் போட்டால் கதவு அடைபட்டுவிடாது. ஒரு வாரம், இரண்டு வாரம் கழித்து எக்ஸ்ரே எடுத்து, துண்டு மோசமாக நகர்ந்திருந்தால் அப்போது முடிவை மாற்றலாம். ஒரு வருடம் கழித்தும் வலி தாங்கவில்லை என்றால் அப்போது ரிவர்ஸ் வைக்கலாம். கத்தி படாத தோளில் அதைச் செய்வது, பிளேட் வைத்துத் தோற்ற தோளில் செய்வதைவிடச் சுலபம். இது இடுப்பு எலும்பு முறிவும் இல்லை, ஓரிரு நாளில் செய்தே ஆக வேண்டும் என்பதற்கு. வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகளுக்குப் பணம் அனுப்புவது ஒன்றுதான் கையில் இருக்கிற மருந்து. அந்தத் தவிப்பு எனக்குப் புரிகிறது. அந்தப் பணத்தில் தினமும் காலையில் அம்மாவுக்குக் குளிக்க, உடுத்த உதவ ஓர் ஆளை மூன்று மாதத்துக்கு வைக்கச் சொல்லுங்கள், ஆபரேஷனைவிட உபயோகம்.

சித்தப்பாவின் வண்டியைத் திருப்பி அனுப்பிவிடுங்கள். பச்சிலை, முட்டை வெள்ளைக்கரு, மூங்கில் பட்டை வைத்துக் கட்டுகிற கட்டு முன்கைக்குச் சுற்றிப் பிடிக்கும். தோளின் உச்சியில் எதைச் சுற்றிப் பிடிக்கும்? கட்டுவதற்கு முன்னால் "எலும்பை இடத்தில் வைக்கிறேன்" என்று இழுத்தால், இப்போது செருகி நிற்கிற தலையும் தண்டும் பிரிந்துவிடும். அக்குளில்தான் கைக்குப் போகிற பெரிய இரத்தக் குழாயும் நரம்புகளும் ஓடுகின்றன. எண்ணெய் தேய்த்து உருவுவதும் இப்போது கூடாது.

இனி செய்ய வேண்டியது. அம்மா கையில் மோதிரமோ வளையலோ இருந்தால் இன்றைக்கே கழற்றுங்கள். வீக்கம் விரலுக்கு இறங்கிய பிறகு கத்தரிக்க வேண்டிவரும், கல்யாண மோதிரத்தை வெட்டினால் அம்மாவுக்கு முறிவைவிட அதுதான் வலிக்கும். மல்லாக்கப் படுக்க வைக்காதீர்கள். ஈஸி சேரிலோ, மூன்று தலையணை சாய்த்தோ பாதி உட்கார்ந்தபடி தூங்கட்டும், முழங்கை பின்னால் விழாமல் அதற்கு அடியில் மடித்த போர்வை. உட்கார்ந்திருக்கும்போது முழங்கையை நாற்காலிக் கையில் ஊன்றக் கூடாது, தண்டு மேலே தள்ளப்படும். அது தொங்கினால்தான் எலும்பு இழுபட்டு நேராக நிற்கும்.

முன்பக்கம் திறக்கிற நைட்டி இரண்டு வாங்குங்கள். போடும்போது அடிபட்ட கை முதலில், கழற்றும்போது அது கடைசியில். குளிக்கும்போது ஸ்லிங்கைக் கழற்றலாம். கொஞ்சம் முன்னால் குனிந்தால் கை தானாக உடம்பை விட்டு விலகும், அந்த இடைவெளியில் அக்குளைத் துடைத்து உலர்த்துங்கள். நம் ஊர் வெயிலில் அக்குளில் புண் வந்துதான் பாதிப் பேர் என்னிடம் அழுகிறார்கள்.

விரல், மணிக்கட்டு, முழங்கை மூன்றையும் இன்றிலிருந்தே அசைக்க வேண்டும். தோளுக்குப் பயிற்சி எப்போது என்பதை டாக்டர் அடுத்த எக்ஸ்ரே பார்த்துச் சொல்வார், பெரும்பாலும் இரண்டாவது அல்லது மூன்றாவது வாரத்தில். முதல் பயிற்சி, இடது கையைச் சாப்பாட்டு மேஜையில் ஊன்றி, இடுப்பிலிருந்து குனிந்து, வலது கையைத் தொங்கவிடுவது. இங்கேதான் எல்லோரும் தப்பு செய்வார்கள்: கையை ஆட்டுவார்கள். கையை ஆட்டக் கூடாது, உடம்பை முன்னும் பின்னும் லேசாக அசைத்தால் கை தானாக ஆடும். அப்படி ஆடும்போது தோளைத் தொட்டுப் பாருங்கள், கல் மாதிரி இறுகியிருந்தால் அம்மா பயத்தில் பிடித்துக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தம். பேச்சுக் கொடுங்கள், சீரியல் கதையைக் கேளுங்கள், தளர்ந்துவிடும். பிறகு மேஜையில் துண்டை விரித்து அதன் மேல் கையை வைத்துத் தள்ளுவது, அப்புறம் சுவரில் விரலால் ஏறுவது. வலி மாத்திரையைப் பயிற்சிக்கு அரை மணி நேரம் முன்னால் கொடுங்கள். எந்த மாத்திரை என்பதை ஸ்டென்ட் விஷயத்தைச் சொல்லி டாக்டரிடம் கேட்டு வாங்குங்கள், மெடிக்கலில் நீங்களாக வாங்க வேண்டாம்.

கடைசியாக, யாரும் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்கள். நின்ற உயரத்திலிருந்து விழுந்து தோள் உடைகிறது என்றால் எலும்பு பலவீனம் என்று பொருள். அடுத்து உடையப்போவது இடுப்பாக இருக்கலாம், அது தோள் மாதிரி பொறுத்துப் போகாது. எலும்பு அடர்த்தி ஸ்கேனும் வைட்டமின் டி, கிட்னி இரத்தப் பரிசோதனையும் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். தேவைப்பட்டால் வருடத்துக்கு ஒரு ஊசி, இல்லையென்றால் வாரம் ஒரு மாத்திரை கொடுப்பார்கள். பிளேட்டைப் பற்றி இரண்டு ஆஸ்பத்திரி பேசினார்கள், இதைப் பற்றி ஒருவராவது பேசினார்களா? கொல்லையில் அந்தப் பாசியையும் பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்க்கச் சொல்லுங்கள், அப்பா இன்னும் அங்கேதான் நடக்கிறார்.

---

தாமிரபரணி ராஜா:

எலும்பு அடர்த்தி ஸ்கேன் பற்றி இவ்வளவு நாள் எங்களுக்கு ஒருவரும் சொல்லவில்லை. அம்மாவை அழைத்துக்கொண்டு திங்கட்கிழமை போகிறேன். நன்றி அக்கா.

---

கும்பகோணத்துப் பெண்:

மோதிரம் சோப்புத் தண்ணீரில் வந்துவிட்டது. அண்ணன் ஒத்துக்கொண்டான், ஆள் வைக்கப் பணம் அனுப்புகிறானாம், ஆனால் ஒவ்வொரு எக்ஸ்ரேயையும் அவனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டும் என்று நிபந்தனை. சித்தப்பா கோபித்துக்கொண்டார். அது பரவாயில்லை, பொங்கலுக்குள் சரியாகிவிடுவார்.

அம்மா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு கேட்கச் சொல்கிறார்: அப்பா சுடுகிற தோசை சகிக்கவில்லை, எப்போதிலிருந்து தானே அடுப்புப் பக்கம் போகலாம்?

---

மலைக்கோட்டை பிசியோ:

அம்மாவுக்கு என் வணக்கம். தோசையைத் திருப்புவது மணிக்கட்டும் முழங்கையும் செய்கிற வேலை. ஸ்லிங்கைக் கழற்றிப் பயிற்சி ஆரம்பித்த பிறகு, முழங்கையை விலாவோடு ஒட்டிவைத்துக்கொண்டு இரண்டு தோசை சுடலாம். அதுவே ஒரு பயிற்சிதான். மாவுப் பாத்திரத்தைத் தூக்குவது, குக்கரை இறக்குவது, மேல் அலமாரியில் டப்பா எடுப்பது எல்லாம் எலும்பு சேர்ந்துவிட்டது என்று டாக்டர் படம் பார்த்துச் சொன்ன பிறகு, சுமார் மூன்று மாதம். அதுவரை அப்பாவுக்கு மாவை இன்னும் கொஞ்சம் நீர்க்கக் கரைத்துக் கொடுங்கள், கல்லை நன்றாகக் காயவிட்டு ஊற்றச் சொல்லுங்கள்.